சாரல் நாட்டில் கொள்ளைநோய்: நோயலைகளின் கால அளவு பற்றி

ஒரு தொற்றுநோய் ஓரிடத்தில் நுழைந்து, பெருகி, உச்சத்தைத் தொட்டு, தணிந்து, ஏறத்தாழ மறையும் வரையுள்ள காலத்தை நோய்ப்பரவலியலார் ஓர் அலை என்கின்றனர். அந்தக் காலம் எவ்வளவு என்று கேட்டால் மூன்று வாரம் என்றும் மூன்று ஆண்டு என்றும் விடை சொல்ல இடமுண்டு; ஒரே நோயைப் பற்றி ஒரே நேரத்தில் சொல்லப்படும்போதுகூட இரண்டு விடைகளும் உண்மையாக இருக்கக்கூடும். அளக்க எடுத்துக்கொள்வது ஒரு தெருவா, ஓர் ஊரா, ஒரு மாவட்டமா, ஒரு மாகாணமா என்பதைப் பொறுத்து அலையின் நீளம் மாறிவிடுகிறது என்பதே அதற்குக் காரணம். இந்த உண்மை ஏட்டளவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், நோய் வந்த காலங்களில் அதை மறந்துவிட்டு, மாவட்டக் கணக்கு இன்னும் ஏறவில்லை என்று ஆறுதல் கொள்வதும், மாநிலக் கணக்கு இறங்கிவிட்டது என்று காவலைத் தளர்த்துவதும் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன.

இதை ஆராய்வதற்குத் தென்காசி வட்டாரம் தகுந்த இடம். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரியங்காவுக் கணவாய் திறந்துகிடப்பதால், தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு எட்டாத தென்மேற்குப் பருவக்காற்று இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரலாக இறங்குகிறது. பிறகு அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் வந்து சேர்கிறது. ஆகவே இரண்டு மழைக்காலங்களும் கடுமையான கோடையும் ஒரே ஆண்டில் அமைகின்றன. குற்றாலத்து மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைக் கடந்து கிழக்கே ஓடித் தாமிரபரணியில் கலக்கும் வழியெல்லாம் குளங்களும் கால்வாய்களும் நெல்வயல்களும் உள்ளன. சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் குற்றாலத்துக்குச் சீசன் நாட்களில் தமிழகத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கூட்டம் வந்து போகிறது. 1904இல் கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்த இரயில் பாதையும், புளியரை வழியாக மலையேறும் சாலையும் இந்த வட்டாரத்தை மேற்குக் கரையோடு பிணைத்திருக்கின்றன. செங்கோட்டையோ 1956 நவம்பர் 1 வரை மலைக்கு அப்பாலுள்ள அரசின் ஆட்சியிலேயே இருந்தது. நோயின் போக்கைத் தீர்மானிக்கும் நீர், பருவம், மக்கள் நடமாட்டம் ஆகிய மூன்றும் இவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்திருக்கும் நிலப்பகுதிகள் தமிழகத்தில் அதிகமில்லை.

இப்பகுதியைத் தாக்கிய நோயலைகளில் அரசு முறைப்படி விசாரித்துப் பதிவு செய்த பழைய நிகழ்வு, 1809, 1810, 1811 ஆகிய ஆண்டுகளில் கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை வாட்டிய காய்ச்சலாகும். பாளையக்காரர் போர்கள் முடிந்து கம்பெனி ஆட்சி இங்கே நேரடியாக நிலைகொண்டு பத்தாண்டு ஆகியிருந்த நேரம் அது. சென்னை அரசு நியமித்த மருத்துவக் குழுவில் வில்லியம் எய்ன்ஸ்லி, ஸ்மித், கிறிஸ்டி ஆகிய மூவரும் இருந்தனர். அவர்களுடைய அறிக்கை 1816இல் இலண்டனில் நூலாக வெளிவந்தபோது, மருத்துவ, புவியியல், வேளாண்மை அறிக்கை என்றே அதற்குப் பெயரிடப்பட்டது. காய்ச்சலின் காரணத்தை மண்ணிலும் மழையிலும் பயிர்நிலத்திலும் தேடிய காலம் அது. சதுப்பு நிலத்திலிருந்தும் தேங்கிய நீரிலிருந்தும் எழும் கெட்ட ஆவியே காய்ச்சலைத் தருகிறது என்ற கொள்கையே அன்றைய மருத்துவத்தை ஆண்டது. கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்த 1897 ஆகஸ்ட் 20க்கு இன்னும் எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. ஆயினும் அந்தக் குழுவினரின் கொள்கை தவறென்பதற்காக அவர்கள் பார்த்த இடமும் தவறென்று தள்ளிவிட முடியாது. விட்டுவிட்டு வந்த அந்தக் காய்ச்சலை மலேரியா என்று கொள்வதே பொருத்தம். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுக்களோ மலையடிவார ஓடைகளிலும், கசிவுநீர்க் குட்டைகளிலும், பருவம் தப்பிப் பெய்த மழை விட்டுச்செல்லும் தேக்கங்களிலும்தான் பெருகுகின்றன.

அந்த அலை ஏன் ஒரு பருவத்தோடு ஓயாமல் மூன்று ஆண்டு நீடித்தது என்ற கேள்வி கூர்ந்து நோக்கத்தக்கது. மலேரியாக் கிருமி ஒரு கொசுவுக்குள் புகுந்து, வளர்ந்து, அடுத்த மனிதருக்குத் தொற்றும் நிலையை எட்டவே ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு நாட்கள் ஆகின்றன. மனித உடலில் அது பெருகிக் காய்ச்சலாக வெளிப்படுவதற்கும், பிறகு கொசுவுக்குத் திரும்பிச் செல்லத்தக்க வடிவம் கொள்வதற்கும் மேலும் சில வாரங்கள் தேவைப்படுகின்றன. எனவே ஒரு நோயாளியிலிருந்து அடுத்த நோயாளிக்குச் சென்றுசேரும் காலம் ஒரு மாதத்துக்கும் மேல் ஆகிறது. மேலும், மலேரியாவின் ஒரு வகைக் கிருமி கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிக்கிடந்து மீண்டும் எழுவதால், மழை நின்று கொசு குறைந்த கோடையிலும் நோய் மனித உடல்களுக்குள்ளேயே தங்கியிருந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கிறது. அந்தந்த ஊருக்குள் பார்த்திருந்தால் சில மாதம் ஏறிச் சில மாதம் இறங்கும் காய்ச்சலாகத் தோன்றியிருக்கக் கூடியது, நான்கு சீமைகளையும் சேர்த்துப் பார்த்த குழுவின் கண்ணுக்கு மூன்றாண்டுக் காய்ச்சலாகத் தெரிந்தது.

ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்று சென்றுசேர ஆகும் இந்தச் சராசரிக் காலத்தைத் தொற்றிடைவெளி என்று குறிப்பிடலாம். அலையின் நீளத்தைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானது இதுவே. நோயுற்ற ஒவ்வொருவரும் இருவருக்கு நோயைக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரே நோயாளியில் தொடங்கும் தொற்று ஒரு இலட்சத்தைத் தாண்ட பதினேழு சுற்றுகள் வேண்டும். தொற்றிடைவெளி ஐந்து நாளாக இருந்தால் அந்தப் பதினேழு சுற்றுகள் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும். இருபது நாளாக இருந்தால் அதற்கு ஏறத்தாழ ஓராண்டு ஆகும், அதற்குள் மழையும் கோடையும் மாறி மாறி வந்து கணக்கைக் குலைத்துவிடும். உண்மையில் எந்த நோயும் இப்படி இரட்டித்துக்கொண்டே போவதில்லை. நோய்க்கு ஆளாகி மீண்டவர்கள் பெருகப் பெருக, நோயுற்றவர் சந்திக்கும் மனிதர்களில் புதிதாக நோய் பற்றக்கூடியவர் குறைந்துவருவதால், ஏற்றம் தளர்ந்து, நின்று, இறக்கமாகிறது.

இந்த ஏற்றமும் இறக்கமும் ஒரு கணக்குக்குள் அடங்கும் என்று முதலில் துணிந்து கூறியவர் இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவாளர் அலுவலகத்தில் புள்ளிவிவரப் பொறுப்பு வகித்த வில்லியம் ஃபார். பெரியம்மைச் சாவுகளின் வரிசையை 1840இல் ஆராய்ந்து, அவை மணி வடிவக் கோட்டில் ஏறி இறங்குவதை அவர் காட்டினார்; 1866இல் மாட்டுக் கொள்ளைநோய் உச்சத்தில் இருந்தபோது, அது விரைவில் தணியும் என்று அவர் எழுதியதும் அவ்வாறே நடந்தது. இந்தக் கருத்துக்கு முழுமையான கணித வடிவம் தந்தவர்கள் 1927இல் கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் ஆவர். இவர்களுள் மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், கசௌலி பாஸ்டர் நிலையத்தில் வேலை செய்தவர். இருவரும் தங்கள் சமன்பாட்டைச் சோதிக்க எடுத்துக்கொண்டது, 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் பிளேக்கினால் நேர்ந்த வாராந்திரச் சாவுகளின் எண்ணிக்கையை. நோய் பற்றக்கூடியவர்கள் எல்லோரும் தீர்ந்துபோகும் முன்பே, அவர்கள் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைந்ததுமே அலை இறங்கத் தொடங்கிவிடும் என்பது அவர்களுடைய முடிவு. அந்த முடிவு இன்றும் நிற்கிறது. ஆனால் அதற்கு அவர்கள் காட்டிய சான்று அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. பம்பாய்ப் பிளேக் ஆண்டுதோறும் அதே பருவத்தில் ஏறி அதே பருவத்தில் இறங்கியது என்பதையும், எலிகளும் தெள்ளுப்பூச்சிகளும் தட்பவெப்பத்தோடு பெருகிக் குறைந்ததே அந்த மணிக்கோட்டுக்குக் காரணம் என்பதையும் பிற்காலக் கணிதவியலார் எடுத்துக்காட்டினர். ஒரே வடிவக் கோட்டை இரண்டு வெவ்வேறு காரணங்கள் வரையக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. ஓர் அலை தானாக ஓய்ந்ததா, பருவம் மாறியதால் ஓய்ந்ததா, மனித முயற்சியால் ஓய்ந்ததா என்பதைக் கோட்டின் வடிவத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முயன்ற பலர் ஏமாந்ததும் இதனாலேயே.

வாந்திபேதி எனப்பட்ட காலராவில் இந்தச் சிக்கல் வேறு உருவம் கொள்கிறது. 1817 ஆகஸ்டில் வங்காளத்து ஜெஸ்ஸூரில் வெடித்த காலரா, அதே ஆண்டு நவம்பரில் புந்தேல்கண்டில் தங்கியிருந்த ஹேஸ்டிங்ஸ் பிரபுவின் படைமுகாமில் புகுந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. முகாமை வேறு ஆற்றங்கரைக்கு மாற்றியபின், சில வாரங்களுக்குள் அங்கே நோய் அடங்கிவிட்டது. ஒரே நீர்நிலையில் எல்லோரும் நீர் குடித்த இடத்தில், ஒருவரிடமிருந்து இருவர், இருவரிடமிருந்து நால்வர் என்று சுற்றுச் சுற்றாக நோய் நடக்கவேண்டிய தேவையில்லை. ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேருக்குள் கிருமி சென்றுவிடுவதால் அலை செங்குத்தாக எழுந்து செங்குத்தாக விழுகிறது. ஆனால் அதே காலரா 1818 அக்டோபரில் சென்னையை அடைந்து, பாளையங்கோட்டையைத் தாக்கி, அவ்வாண்டு டிசம்பரில் கடலைத் தாண்டி யாழ்ப்பாணத்தில் தோன்றியது. ஜெஸ்ஸூரிலிருந்து யாழ்ப்பாணம் வர அதற்குப் பதினாறு மாதங்கள் ஆயின. உலக அளவில் அந்த முதல் அலை 1824 வரை நீண்டதாகக் கணக்கிடப்படுகிறது. முகாமில் இருந்த சிப்பாய்க்குச் சில வாரமாகவும் உலகுக்கு ஏழு ஆண்டாகவும் இருந்தது ஒரே அலைதான்.

பின்னர் காலரா இம்மாகாணத்தில் நிலைத்த விருந்தாளியாகிவிட்டது. 1876-78 பஞ்சத்தின்போது, அதிலும் 1877ஆம் ஆண்டில் மட்டும், சென்னை மாகாணத்தில் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காலராவுக்குப் பலியாயினர் என்று அரசுக் கணக்கு கூறுகிறது. பசியால் நலிந்த உடல்களும், வற்றிய குளங்களில் எஞ்சிய சேற்றுநீரும், கஞ்சித்தொட்டி முகாம்களில் கூடிய கூட்டமும் ஒன்றுசேர்ந்த அந்த ஆண்டின் துயரத்தை அந்த எண் முழுவதும் சொல்லிவிடவில்லை. கணக்கெழுதும் கிராம அதிகாரிகளும் செத்துக்கொண்டிருந்த ஆண்டு அது. மாகாணப் பொதுச் சுகாதாரத் துறையின் தலைவராக இருந்த ஏ. ஜே. எச். ரஸ்ஸல் பல பத்தாண்டுக் காலராச் சாவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து, ஏறத்தாழ ஆறாண்டுக்கு ஒருமுறை காலரா ஓங்குகிறது என்று 1925இல் எழுதினார். அலைக்குள் அலை என்று இதை விளங்கிக்கொள்ளலாம்: ஊர் அளவில் வாரக்கணக்கு, மாவட்ட அளவில் பருவக்கணக்கு, மாகாண அளவில் ஆண்டுக்கணக்கு. பேதிக்கும் அம்மைக்கும் அஞ்சி அம்மன் கோயில்களில் கொடை எடுத்த ஊர்கள் அறிந்தது முதல் கணக்கை மட்டுமே. மூன்றாவது கணக்கு சென்னைக் கோட்டையில் இருந்தவருக்கே தெரிந்தது. நடுவில் இருந்த பருவக்கணக்கைக் கொண்டு முன்னேற்பாடு செய்யவேண்டிய பொறுப்பு மாவட்ட நிருவாகத்துடையது.

1918ஆம் ஆண்டு இன்புளுயன்சாவில் வேறொரு பாடம் உண்டு. இந்தியாவில் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்குக் குறையாத உயிர்களைப் பலிகொண்ட அந்த நோயின் கொடிய அலை செப்டம்பரில் பம்பாயில் எழுந்து, அக்டோபர் 6 அன்று அந்நகரில் ஒரே நாளில் 768 உயிர்களைப் பறித்து, பிறகு நாடெங்கும் பரவியது. மாவட்ட வாரியான சாவுக் கணக்குகளைக் கொண்டு சித்தார்த் சந்திராவும் ஈவா காசன்ஸ்-நூரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, பம்பாயிலிருந்து கிழக்கே செல்லச் செல்ல நோயின் கொடுமை குறைந்ததையும் அலையின் நீளம் கூடியதையும் காட்டியது. குறுகிய அலை என்றால் நல்ல அலை என்று பொருளில்லை. பம்பாயில் அலை குறுகியதற்கு அது மக்களை ஒரே வீச்சில் வாரிக்கொண்டதே காரணம். நீண்ட அலையில் துன்பம் நீள்கிறது என்றாலும், மருத்துவமனைப் படுக்கையும் பணிவிடை செய்யும் கையும் அடுத்தவருக்குக் கிடைக்க இடமிருக்கிறது.

ஊரின் அளவும் இதில் கணக்கில் வரும். தட்டம்மை போன்ற, ஒருமுறை வந்தால் மீண்டும் வராத நோய் ஓரிடத்தில் அறுபடாமல் தொடரவேண்டுமானால், அங்கே ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று இலட்சம் மக்கள் வாழவேண்டும் என்று மாரிஸ் பார்ட்லெட் என்ற புள்ளியியலாளர் 1957இல் கணக்கிட்டார். அதற்குக் குறைந்த ஊரில், நோய் பற்றக்கூடிய குழந்தைகள் தீர்ந்ததும் சங்கிலி அறுந்து நோய் மறைந்துவிடும். போதுமான புதிய குழந்தைகள் பிறந்தபின் வெளியூரிலிருந்து மீண்டும் வரும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தென்காசி நகரத்தில் ஏறத்தாழ 70 ஆயிரம் பேரும் கடையநல்லூரில் 90 ஆயிரம் பேரும் இருந்தனர். புளியங்குடி, சங்கரன்கோவில் ஆகியவை அவற்றினும் சிறியவை. தடுப்பூசிக்கு முந்தைய காலத்தில் இவற்றுள் எந்த ஊரும் தனியாகத் தட்டம்மையைத் தக்கவைத்திருக்க முடியாது. ஆனால் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவான இன்றைய தென்காசி மாவட்டத்தின் எல்லைக்குள், அதே 2011 கணக்குப்படி, ஏறத்தாழ 14 இலட்சம் பேர் இருந்தனர். மலையடிவாரச் சாலையில் மாலையில் கோத்த மணிகள்போல அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் அவை. ஓர் ஊரில் அணைந்த நோய் அடுத்த ஊரில் எரிந்துகொண்டிருக்க, பேருந்தும் சந்தையும் கல்யாணமும் அதைச் சுற்றிக் கொண்டுவந்து பழைய ஊரிலேயே மீண்டும் சேர்க்கின்றன. எனவே மாவட்டக் கணக்கில் நோய் ஒருநாளும் ஓயாதது போலவும், ஊர்க்கணக்கில் அது வந்து வந்து போவது போலவும் தோன்றும்.

இந்த வட்டாரத்தில் அண்மைக் காலத்தில் எழுந்த நோயலைகளுள் மிக நுணுக்கமாக ஆராயத்தக்கது, 2012இல் கடையநல்லூரை மையமாகக் கொண்டு எழுந்த டெங்குக் காய்ச்சல். மர்மக் காய்ச்சல் என்று செய்தித்தாள்கள் முதலில் எழுதிய அந்நோய் டெங்கு என்று உறுதியானபோது, அது பல தெருக்களில் வேரூன்றியிருந்தது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் பதிவான டெங்கு நோயாளிகள் 12,826 பேர், இறந்தவர்கள் 66 பேர். இந்தியா முழுவதற்குமான 50,222 என்ற எண்ணிக்கையில் நான்கில் ஒரு பங்கு தமிழ்நாட்டினுடையது, அதில் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் பங்கு பெரியது. பரிசோதனைக்கு வந்தவர்கள் மட்டுமே இந்த எண்ணில் அடங்குவர். டெங்குக் கிருமி தொற்றியவர்களில் பெரும்பாலோருக்குக் காய்ச்சல் இலேசாக வந்துபோகிறது அல்லது வராமலே போகிறது.

டெங்கு மழைநோய் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கடையநல்லூர் அலையோ சாரல் தொடங்குமுன், கோடையிலேயே எழுந்தது. டெங்கைப் பரப்பும் ஏடிஸ் கொசு குளத்திலும் சாக்கடையிலும் வளர்வதில்லை. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் உள்ள தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. குழாயில் நாள்தோறும் தண்ணீர் வரும் ஊரில் மக்கள் நீரைச் சேர்த்துவைப்பதில்லை. பல நாட்களுக்கு ஒருமுறை வரும் ஊரில் சிமெண்ட் தொட்டியும் பிளாஸ்டிக் டிரம்மும் குடங்களும் வரிசையாக நிரம்பியிருக்கின்றன. தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையாகும் கோடையில் சேமிப்பு கூடுகிறது, சேமிப்பு கூடக் கொசுவும் கூடுகிறது. பிறகு சாரல் தொடங்கியதும் டயர்களிலும் தேங்காய்ச் சிரட்டைகளிலும் ஆட்டுக்கல் குழிகளிலும் நீர் தேங்கி, வீட்டுக்குள் இருந்த கொசுவுக்கு வெளியிலும் இடம் கிடைக்கிறது. காய்ந்துபோன தொட்டியின் சுவரில் ஒட்டிய ஏடிஸ் முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கின்றன. ஆகவே நெல்லைச் சீமையின் பிற பகுதிகளில் ஒரு மழைக்காலம் தருகிற வாய்ப்பைத் தென்காசி வட்டாரம் இந்தக் கொசுவுக்கு இருமுறை தருகிறது.

டெங்குவின் தொற்றிடைவெளி இரண்டு முதல் மூன்று வாரம். கிருமி கொசுவுக்குள் எட்டு முதல் பன்னிரண்டு நாட்கள் வளர்கிறது. மனிதரைக் கடித்தபின் நான்கு முதல் பத்து நாட்களில் காய்ச்சல் வருகிறது. ஏடிஸ் கொசு பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு அப்பால் பறப்பது அரிது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு தெருவில் நோய் எழுந்து அடங்க இரண்டு மூன்று சுற்றுகள், அதாவது ஒன்றரை இரண்டு மாதங்கள் போதும் என்பது தெளிவாகும். அடுத்த தெருவுக்கு அதைக் கொண்டுசெல்வது கொசுவின் சிறகைவிட மனிதரின் காலே. பகலில் கடிக்கும் கொசுவாகையால் பள்ளிக்கூடமும் தறிக்கூடமும் கடைத்தெருவும் நோயின் சந்திகளாகின்றன. ஒரு தெரு தணியும்போது இன்னொரு தெரு ஏறுவதால், ஊர்க்கணக்கில் அலை நாலைந்து மாதமாக நீள்கிறது. ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுவதால் மாவட்டக் கணக்கில் ஆண்டு முடியும்வரை நீள்கிறது. கடைசி நோயாளி சேர்ந்த தெருவில் புகை அடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் அலை கடந்துபோன இடத்தில் செய்யும் வேலை. காய்ச்சல் இன்னும் வராத அடுத்த பத்துத் தெருக்களில் தொட்டிகளைக் கழுவிக் காயவைக்கும் வேலை, செய்திப்படத்துக்கு உதவாது என்றாலும், அலையின் நீளத்தை உண்மையில் குறைக்கக்கூடியது அதுவே.

அலை ஓய்ந்தபின் அடுத்த அலை எப்போது என்பதும் கால அளவின் ஒரு பகுதியே. தமிழ்நாட்டில் பதிவான டெங்கு நோயாளிகளின் எண்ணிக்கை 2013இல் 6,122, 2014இல் 2,804, 2016இல் 2,531 என்று குறைந்திருந்து, 2017இல் 23,294 என்று முன்னைவிட உயரமாக எழுந்தது. டெங்குக் கிருமியில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து மீண்டவருக்கு அந்த வகைக்கு எதிரான காப்பு நெடுங்காலம் இருக்கிறது, மற்ற மூன்று வகைகளுக்கு எதிரான காப்பு சில மாதங்களில் போய்விடுகிறது. இரண்டாம் முறை வேறு வகை தாக்கும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பும் கூடுதல். இப்படிப் பார்த்தால், 2012இல் நோயுற்று மீண்ட ஊர் 2017இல் முழுக் காப்போடு நின்ற ஊராகிவிடவில்லை.

கோவிட் காலத்தில் அலை என்ற சொல் வீட்டுக்கு வீடு புழங்கியது. தமிழ்நாட்டின் முதல் அலை 2020 மார்ச்சில் தொடங்கி, ஜூலை 27 அன்று 6,993 புதிய நோயாளிகளோடு உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்கி, அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அன்றாட எண்ணிக்கை ஐந்நூறை ஒட்டி நின்றது. இரண்டாம் அலை 2021 மார்ச்சில் ஏறி, மே 21 அன்று 36,184 என்ற உயரத்தை எட்டி, ஜூலை இறுதியில் இரண்டாயிரத்துக்கு அருகே வந்தது. மூன்றாவது அலை 2022 சனவரித் தொடக்கத்தில் எழுந்து, அம்மாதம் 22 அன்று 30,744 ஆகி, பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் ஆயிரத்துக்குக் கீழே போயிற்று. ஒரே மாநிலத்தில், ஒரே நோயின் அடுத்தடுத்த மூன்று அலைகள் முறையே பதினொரு மாதம், ஐந்து மாதம், ஏழு வாரம் நீடித்தன. ஒமிக்ரான் வகையின் தொற்றிடைவெளி மூன்று நாள் அளவுக்குக் குறுகியதும், அது முன்பு தொற்றியவரையும் தடுப்பூசி போட்டவரையும் தாண்டிப் பரவ வல்லதாயிருந்ததும் கடைசி அலையைக் குறுக்கின. சாவின் எண்ணிக்கை அதில் குறைந்ததற்குத் தடுப்பூசியும் பழைய தொற்றும் தந்த காப்பே பெருங்காரணம்.

மலைக்கு இப்பாலும் அப்பாலும் இரண்டாம் அலை நடந்த விதத்தில்தான் இந்த ஆய்வுக்கு மிக வளமான பகுதி இருக்கிறது. 2021 மே 12 அன்று 43,529 என்ற உச்சத்தைத் தொட்ட கேரளம், தமிழ்நாட்டைப்போல ஒரேயடியாக இறங்கவில்லை; ஜூன், ஜூலை மாதங்களில் அன்றாடம் பன்னிரண்டாயிரம் அளவில் நின்று, ஆகஸ்ட் இறுதியில் மீண்டும் முப்பதாயிரத்தைத் தாண்டியது. அதே வாரங்களில் தமிழ்நாட்டின் அன்றாட எண்ணிக்கை இரண்டாயிரத்துக்கும் குறைவு. புளியரையில் ஒரே சாலையின் இரு பக்கங்களிலும் வாழ்ந்த மக்களுக்கு ஒரே நோயின் ஒரே அலை இருவேறு நீளங்களில் அமைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அவ்வாண்டு ஜூன், ஜூலையில் நடத்திய நான்காவது இரத்த ஆய்வில், கோவிட் எதிர்ப்புப் பொருள் கொண்டவர்கள் தமிழ்நாட்டில் 69.2 விழுக்காடும் கேரளத்தில் 44.4 விழுக்காடும் இருந்தனர். முன் அலைகளில் நோயைப் பெரிதும் தடுத்துவைத்த மாநிலத்தில், நோய் பற்றக்கூடியவர்கள் மிகுந்திருந்தனர். ஆகவே அங்கே அலை நீண்டது. இதைக் கேரளத்தின் தோல்வி என்று அன்று பலர் எழுதியது நியாயமன்று. தடுப்பூசி வரும்வரை நோயைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் உயிர்களைக் காத்த மாதம். அதற்கான விலை நீண்ட அலையாக வந்தது. விரைவில் முடிந்த அலைக்காக மகிழ்ந்த இப்பக்கத்தவர், 2021 மே மாதத்தில் ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் காத்துநின்ற வாரங்களை அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

குற்றாலத்து அருவிகளின் வரலாற்றில் கோவிட் இன்னொரு நீளத்தில் பதிவாகியிருக்கிறது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட அருவிகளில் குளிக்க அவ்வாண்டு டிசம்பரில்தான் அனுமதி கிடைத்தது. 2021 ஏப்ரலில் மீண்டும் மூடப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் மறுபடியும் திறக்கப்பட்டன. தமிழ்நாட்டில் இரண்டாம் அலை ஜூலையில் அடங்கிவிட்டபோதிலும், கேரளத்தில் அது நீண்டதும், கூட்டம் கூடினால் மூன்றாவது அலை எழும் என்ற அச்சமும் சேர்ந்து சாரல் மாதங்கள் முழுவதும் தடையை நீட்டிக்கவைத்தன. இரண்டு முறையும் திறப்பு வந்தது சீசன் முடிந்தபின். மங்குஸ்தானும் ரம்புத்தானும் கூறுகட்டி விற்பவர்கள், எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள், விடுதிகளில் அறை துப்புரவு செய்பவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள் ஆகியோருடைய ஆண்டு வருவாயில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மாதங்களில் வருகிறது. மழை நன்றாகப் பெய்து அருவி நிறைந்து கொட்டிய அந்த இரண்டு சீசன்களிலும் அவர்களுக்கு வேலையில்லை. 2019 செப்டம்பரில் முடிந்த சீசனுக்குப் பிறகு, அவர்கள் முழுமையாகக் கடை திறந்த அடுத்த சீசன் 2022 ஜூனில் வந்தது. தொற்று எண்ணிக்கையைக் கொண்டு வரைந்த எந்தக் கோட்டிலும் இந்த இரண்டே முக்கால் ஆண்டு தெரிவதில்லை. கந்துவட்டிக்கு வாங்கிய முதலும், அடகுக்கடைக்குப் போன நகையும், கல்லூரியில் சேராமல் நின்றுபோன பிள்ளைகளின் ஆண்டுகளும் அதற்குள் இருக்கின்றன.